சுவரில்லாத மேடை

சமையலறையின் மத்தியில், எந்தச் சுவரையும் தொடாமல் தனித்து நிற்கும் மேடைக்கு ஆங்கிலத்தில் ‘கிச்சன் ஐலண்டு’ என்று பெயர். இதைச் ‘சமையல் தீவு’ என்று மொழிபெயர்த்தால், வீட்டுப் பெரியவர்கள் கப்பல் டிக்கெட்டு என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகையால் இந்தப் பக்கத்தில் இதனை ‘நடுமேடை’ என்றே வழங்க உத்தேசித்திருக்கிறோம். புதிதாக வீடு கட்டுகிறவர்களும், அடுக்குமாடிக் கட்டடங்களில் குடிபுகுகிறவர்களும் இப்போது நடுமேடையின் மீது மிகுந்த ஆசை கொண்டிருக்கிறார்கள். கடையிலிருந்து வரும் ஆயத்தப் பெட்டிகள் நாலைந்தை வரிசையாக வைத்து, மேலே ஒரு கல்லைப் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணத்திலேதான் அபாயம் இருக்கிறது.

ஆசையில் குற்றமில்லை. பழைய வீடுகளில் தரையில் உட்கார்ந்து சமைத்தார்கள். எரிவாயு அடுப்பு வந்தபின் மேடை சுவரோரமாக ஏறிற்று. சமைப்பவளும் எழுந்து நின்றாள். நின்றவள் எதைப் பார்த்து நின்றாள்? சுவரைப் பார்த்து. குடும்பம் முழுவதற்கும் அன்னமிடுகிறவள் அக்குடும்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாளில் நாலு மணி நேரம் நிற்பது நவீன நாகரிகத்தின் விசித்திரங்களில் ஒன்று. நடுமேடை இதை மாற்றுகிறது. எதிர்ப்புறத்தில் குழந்தை உட்கார்ந்து பாடம் எழுதலாம். பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கும் கிருகஸ்தர் வந்து வெண்டைக்காய் நறுக்கலாம். நறுக்காவிட்டாலும், ஏன் நறுக்கவில்லை என்று கேட்பதற்காவது முகத்துக்கெதிரில் அகப்படுவார்.

நிற்க, ஆயத்தப் பெட்டிகளின் பூர்வோத்தரத்தைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. ஒரே அளவில் செய்த பெட்டிகளைச் சமையலறையில் பொருத்தும் முறைக்கு முன்னோடியாக நின்றது, ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் சிற்பி வகுத்த சமையலறையாகும். ஏறக்குறைய 6¼ அடி அகலமும் 11 அடி நீளமுமே கொண்ட அந்த அறையைப் போல் சுமார் பதினாயிரம் அறைகள் அந்நகரில் அமைக்கப்பட்டன. (இந்த அம்மையார் பிற்பாடு நாஜிகளை எதிர்த்ததற்காக 1941-இல் கைதாகி, யுத்தம் முடியும் வரையில் சிறையில் இருந்தவர். அலமாரிக்கும் தேசபக்திக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் எண்ணவேண்டாம்.) நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், இந்தப் பெட்டிகள் பிறந்ததிலிருந்தே சுவரை நம்பிப் பிறந்தவை. முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு திருகாணிகளால் அங்கே பிணைத்துக்கொண்டால்தான் அவற்றுக்கு உறுதி. அவற்றை அறையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தும்போது அந்தச் சுவரை நாம் பறித்துவிடுகிறோம். பறித்ததற்கு ஈடாக வேறொன்றை நாமே ஏற்படுத்திக் கொடுத்தாக வேண்டும்.

ஒரு நண்பர் வீட்டில் அண்மையில் நடுமேடை போட்டார்கள். இழுப்பறைப் பெட்டி இரண்டு, மேலே பளபளக்கும் கருங்கல். பார்வைக்கு வெகு லக்ஷணம். நண்பரின் தாயார் அதன்மேல் சப்பாத்தி மாவைப் பிசையத் தொடங்கினார். மாவோடு மேடையும் முன்னும் பின்னும் அசைந்தது. அம்மாள் கையை எடுத்துவிட்டு, “ஏண்டாப்பா, இது மேடையா, தெப்பமா?” என்று கேட்டார். மறுநாள் வந்த தச்சர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளலாம்: “சுவர் இருந்தா பொட்டி சும்மா நிக்கும் அம்மா. சுவர் இல்லாத எடத்துல ஒண்ணையொண்ணு புடிச்சுக்கணும், எல்லாமாச் சேர்ந்து தரையைப் புடிச்சுக்கணும்.”

அசைவது ஒரு தொல்லைதான். சாய்வதோ விபத்து. இரண்டுக்கும் காரணம் வேறு. ஆதலால் இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

சாய்வதற்குக் காரணம் இழுப்பறை. மூடிய இழுப்பறையின் கனம் மேடைக்கு உள்ளே இருக்கிறது. திறந்ததும் அது அடித்தளத்தைத் தாண்டி வெளியே வந்து, நெம்புகோலைப் போல் மேடையை முன்னே கவிழ்க்கப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான்: எடையைத் தூரத்தால் பெருக்கினால் நெம்பும் வலிமை. 2 அடி அகலமுள்ள ஒரு பிளைவுட் பெட்டியின் எடையை 25 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடிக்கட்டு முன்முகத்திலிருந்து 5 சென்டிமீட்டர் உள்வாங்கியிருக்கிறது. அந்த விளிம்பிலிருந்து பெட்டியின் கனமையம் 23 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். 25-ஐ 23-ஆல் பெருக்க, 575. இது நிமிர்ந்து நிற்க உதவும் வலிமை. இனி, மூன்று இழுப்பறைகளில் ஒவ்வொன்றிலும் 15 கிலோ பாத்திரம் வைத்து, மூன்றையும் அரை மீட்டர் வெளியே இழுங்கள். 45 கிலோ, 30 சென்டிமீட்டர் தூரம், 1,350. பெட்டி கவிழ்ந்தே தீரும்.

கல் போட்டால் கனம் வந்துவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதையும் கணக்கிட்டுவிடுவோம். 18 மில்லிமீட்டர் கருங்கல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 48 கிலோ எடையுள்ளது. ஒரே வரிசையாக இரண்டு பெட்டிகளை வைத்துக் கல்லும் போட்டால், மொத்தம் சுமார் 86 கிலோ. 23-ஆல் பெருக்க 1,978. பக்கத்துப் பெட்டி காலியாக இருந்தாலும், மேற்சொன்ன மூன்று இழுப்பறைகளை மட்டும் தாங்கிவிடும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை ஒருவன், 15 கிலோ எடையுள்ளவன், மேலே பிஸ்கோத்து டப்பா இருக்கிறதென்று திறந்திருக்கும் கீழ் இழுப்பறையின் நுனியில் ஏறி நின்றால் 825 கூடுகிறது. 2,175 ஆயிற்று. கல்லும் பெட்டியும் பிள்ளையின் மேல் வரும்.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. அமெரிக்காவில், சுவரோடு பிணைக்காமல் நிறுத்திய துணி இழுப்பறைப் பெட்டிகள் குழந்தைகள்மேல் சாய்ந்து மரணங்கள் நேர்ந்ததன் காரணமாக, 2016-இல் ஒரே கம்பெனியைச் சேர்ந்த சுமார் 2 கோடியே 90 லட்சம் பெட்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2022 டிசம்பரில் இதற்கென்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அவை துணிப்பெட்டிகள், நாம் பேசுவது சமையலறைப் பெட்டி. கனத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இப்பொழுது நான்கு பெட்டிகளை இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து ஒரே உடலாக்குங்கள். பெட்டிகள் 100 கிலோ, கல் 75 கிலோ. நடுமேடையின் ஆழம் 4 அடி ஆகிவிட்டபடியால் கனமையம் விளிம்பிலிருந்து 55 சென்டிமீட்டர் உள்ளே போய்விடுகிறது. 175-ஐ 55-ஆல் பெருக்கினால் 9,625. பிள்ளையும் இழுப்பறைகளும் சேர்ந்து நெம்பினாலும் அதைவிட நாலு மடங்குக்கு மேல் வலிமை எஞ்சியிருக்கிறது. ‘ஒரே உடலாக்குங்கள்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒன்றோடொன்று பிணைக்காத நான்கு பெட்டிகள், எவ்வளவு நெருங்கி நின்றாலும், நான்கு தனிப் பெட்டிகளே. ஒவ்வொன்றுக்கும் அதே 575-தான்.

இனி அசைவு. ஒரு தீப்பெட்டியின் உட்பெட்டியை உருவி எடுத்துவிட்டு, மேலுறையை மட்டும் விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். சதுரம் சாய்சதுரமாகி மடிந்துவிடும். உட்பெட்டியை மறுபடியும் செருகினால் அசையாது. சமையலறைப் பெட்டியும் இப்படித்தான். அதை மடியாமல் காப்பது 6 மில்லிமீட்டர் முதுகுப் பலகை. கம்பி செல்வதற்கு வசதி என்று சிலர் முதுகுப் பலகையைக் கழற்றி விடுகிறார்கள். பாதியை அறுத்தும் விடுகிறார்கள். சுவரோடு நிற்கும் பெட்டியில் சுவரே அந்தக் குறையை மறைத்துவிடும். நடுமேடையில் மறைக்க ஆளில்லை. கம்பிக்கு ரூபாயளவு துவாரம் போதும்.

வேலைக்கு வருவோம். முதலில் இடம். அறையை அளந்து காகிதத்தில் போடுவது சரிதான். ஆனால் அதைவிட நல்ல உபாயம் நம் வீட்டுப் பெண்கள் கையில் இருக்கிறது. மேடை வரப்போகும் இடத்தில் கோலமாவால் அதன் அளவுக்குக் கோடிட்டு, ஒரு வாரம் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். அடுப்பிலிருந்து சாதம் வடிக்கப் போகிறவள் எந்த மூலையை மிதிக்கிறாள், குளிர்பெட்டிக் கதவு எந்தக் கோடு வரையில் திறக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். சுவர் மேடைக்கும் நடுமேடைக்கும் இடையில் 3½ அடி வழி வேண்டும். மறுபுறம் 3 அடியாவது வேண்டும். சுவர் மேடை 2 அடி, நடுமேடை 4 அடி. கூட்டினால் அறை 12½ அடி அகலமிருக்க வேண்டுமென்று ஏற்படுகிறது. அவ்வளவு இல்லாதவர்கள் 2 அடி ஆழத்தில் ஒற்றை வரிசை வைக்கலாம். அவர்கள் தரையோடு பிணைப்பதைப் பற்றி இரண்டாம் யோசனையே செய்யக்கூடாது. பத்தடிக்குக் குறைந்த அறையில் நடுமேடை வேண்டாம். நல்ல மரமேஜை ஒன்று போதும்.

உயரத்தைக் கடைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். மேடையில் அதிகமாக வேலை செய்கிறவள் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே கல்லின் மேற்பரப்பு வந்தால் சரி. மாவு பிசைவதற்கு இன்னும் ஓரங்குலம் தாழ்ந்தாலும் நல்லது.

நம் சமையலறைத் தரை மட்டமாக இருப்பதில்லை; இருக்கவும் கூடாது. கழுவிய தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். நூற்றுக்கு ஒன்று வாட்டமென்றால் 4 அடி தூரத்தில் அரை அங்குலம் தாழ்ந்திருக்கும். ஆகையால் பெட்டிகளை வைக்கும் முன் அடிக்கட்டு ஒன்று செய்து அதை மட்டப்படுத்த வேண்டும். 4 அங்குல உயரத்தில் மரச்சட்டங்களால் ஒரு கட்டு. பெட்டியின் முகத்துக்கு 2 அங்குலம் உள்வாங்கி இருக்கட்டும், நிற்பவர் கால்விரல் நுழைவதற்கு. தரையில் மிக உயர்ந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கட்டைத் தரையில் அமர்த்தி, மற்ற இடங்களில் ஆப்பு கொடுத்து ரசமட்டம் பார்த்து உயர்த்துவதே முறை. பெட்டிக்கும் கட்டுக்கும் நடுவில் ஆப்பு வைப்பது சோம்பேறித்தனம். பெட்டி முறுக்கிக்கொண்டு, கதவு ஒருநாளும் நேராக மூடாது.

தினந்தோறும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வீடானால் மரக்கட்டு வேண்டாம். செங்கல்லோ கருங்கல் துண்டோ வைத்துச் சிமெண்டால் கட்டி, ஓடு பதித்த மேடைக்கட்டே உத்தமம். கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் பிளாஸ்டிக் கால்களில் தண்ணீர் ஏறாது என்பது மெய். ஆனால் அவை மேலிருந்து வரும் கனத்தைத் தாங்கும், பக்கவாட்டில் தள்ளுவதைத் தாங்கா. சுவர் இல்லாத மேடைக்கு வருவதெல்லாம் பக்கவாட்டுத் தள்ளல்தான்.

கட்டு சதுரமாயிருக்கிறதா என்று மூலைக்கு மூலை இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து இரண்டு மூலைவிட்டங்களும் சமமானால் கோணம் செங்கோணம். இந்த அளவை வீட்டிலுள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய கல்வி மாநாடு கைத்தொழிலை நடுவில் வைத்துக் கல்வி அமைய வேண்டுமென்று தீர்மானித்தது. அது தேசம் முழுவதும் நிலைபெறவில்லை. ஆயினும், கரும்பலகையில் பத்து நாள் சொல்லியும் ஏறாத தேற்றம், இழைநாடாவின் இரு நுனிகளில் அப்பாவும் பிள்ளையும் குனிந்திருக்கும்போது ஒரு நிமிஷத்தில் ஏறிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

தரையோடு பிணைப்பது கட்டு வெறுமையாக இருக்கும்போதே நடக்க வேண்டும். கட்டின் உட்புறம் ‘எல்’ வடிவ இரும்புத் துண்டுகளை இரண்டடிக்கு ஒன்று வீதம் வைத்துத் தரையில் துளையிட்டு, பிளக் செருகித் திருகாணி முடுக்க வேண்டும். வழவழப்பான ஓடாக இருந்தால் அதற்குரிய கண்ணாடித் துளையலகால், சுத்தியல் அடி இல்லாமல், மெதுவாகத் தொடங்குவது அவசியம். அதற்கும் முன்னால், தரைக்குள் தண்ணீர்க் குழாயோ மின்சாரக் குழாயோ ஓடுகிறதா என்பதைக் கட்டட வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை வரிசை மேடையில், இழுப்பறை திறக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துப் பிணைப்பே முக்கியம். கவிழும்போது தரையைவிட்டுக் கிளம்புவது அந்தப் பக்கம்தான். வாடகை வீட்டில் துளையிட இடம் தரமாட்டார்கள். அவர்கள் நான்கு பெட்டி மேடையை மாத்திரம் வைத்துக்கொள்வது நலம்.

கட்டின்மேல் பெட்டிகளை ஏற்றிய பின், பக்கத்துப் பெட்டிகள் இரண்டின் முன்விளிம்புகளையும் விரலால் தடவினால் இடறாதபடி சேர்த்து, கிளாம்பு போட்டு இறுக்குங்கள். பக்கப் பலகைகள் 18-ம் 18-ம் ஆக 36 மில்லிமீட்டர். ஆகவே 30 மில்லிமீட்டர்த் திருகாணி. 40 போட்டால் மறுபுறம் முனை நீட்டிக் கையைக் கிழிக்கும். நாலு மூலைக்கு நாலு போதும். முதலில் சிறு துளை போட்டே திருகாணி விடவேண்டும். இல்லாவிடில் பிளைவுட் பிளந்துகொள்ளும். கிளாம்பை எடுத்துவிட்டுத் திருகாணியாலேயே இழுத்துச் சேர்க்கப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் சேராது. பிறகு ஒவ்வொரு பெட்டியின் அடிப்பலகை வழியாகக் கட்டினுள் திருகாணி இறக்க வேண்டும்; கட்டு செங்கல்லானால் அதற்குரிய பிளக்கோடு.

முதுகோடு முதுகு சேர்க்கும் இடத்தில் 3 அங்குல இடைவெளி விட்டு, அங்கே மரக்கட்டைகளை மேலும் கீழும் நிறுத்துவது நல்லது. மிக்ஸிக்கு வேண்டிய மின்கம்பி அந்தச் சந்திலே போய்விடும். முதுகுப் பலகை மெல்லியதாகையால் திருகாணியின் தலை அதைப் பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே ஒரு பட்டைக் கட்டையை வைத்து, அதன் வழியாக முடுக்கினால் பிடிப்பு நிற்கும். பக்கங்களில் தெரியும் சந்தை ஒரே பலகையால் மூடிவிட்டால் அழகுமாயிற்று, நான்கு பெட்டிக்கும் இன்னொரு கட்டுமாயிற்று.

கல் கடைசியில்தான் வரவேண்டும். வந்தபின் எதையும் மட்டம் பார்க்க முடியாது. 75 கிலோவைத் தூக்க நாலு ஆள் வேண்டும். எதிர்ப்புறம் உட்கார்ந்து சாப்பிடக் கல்லை வெளியே நீட்டுகிறவர்கள், 18 மில்லிமீட்டர்க் கல்லை ஆறங்குலத்துக்கு மேல் தாங்கல் இல்லாமல் நீட்டக் கூடாது. கருங்கல் அமுக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பொறுக்கும், வளைவைப் பொறுக்காது. முன்னறிவிப்பின்றி ஒரே நொடியில் முறியும். அதிக நீளம் வேண்டுமானால் கீழே இரும்புத் தாங்கிகள் கொடுங்கள். நடுமேடையில் அடுப்பை வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள் என்பதே நம் யோசனை. எரிவாயுக் குழாய் நடக்கும் வழியைக் கடக்க வேண்டியிருக்கும்; தாளித்த புகைக்கும் போக்கிடம் இராது.

பொருளில் சிக்கனம் வேண்டாம். மரத்தூள் அழுத்திய பலகை மலிவு. தண்ணீர் பட்டால் ரொட்டியைப் போல் ஊதிவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் வகை. அதைத் தேர்ந்து, நம் தெருத் தச்சரிடமே அளவு சொல்லிப் பெட்டி செய்யச் சொன்னால் என்ன? ஒரே அளவுப் பெட்டிகளைச் செய்வதற்கு அவருக்குச் சீமை யந்திரம் வேண்டியதில்லை. தஞ்சை ஜில்லா வீடுகளில் அடுக்கடுக்காகக் கழற்றி மாட்டும் நெல் பத்தாயங்களைச் செய்தவர்களின் வழியில் வந்தவர்கள் அவர்கள். பத்தாயமும் சுவரை நம்பாமல் தனித்து நின்ற பெட்டிதான்; நெல்லின் கனமே அதை அசையாமல் நிறுத்திற்று. அதில் இழுப்பறை இல்லையென்பதுதான் வித்தியாசம்.

சாமான்களை அடுக்கும்போது, தோசைக்கல், இரும்புச் சட்டி, அரிசி டப்பா முதலிய கனமானவற்றைக் கதவுள்ள பெட்டியின் தட்டுகளில் வையுங்கள். அவை கதவோடு வெளியே வாரா. இழுப்பறைகளில் கரண்டியும் துணியும் அஞ்சறைப்பெட்டியும் போதும். கனத்தைக் கீழ் இழுப்பறையில் வைத்தால் பத்திரம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இழுப்பறை மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், வெளியே வந்த தூரமே கணக்கு. அதிலும் பிள்ளைகள் படிக்கட்டாக உபயோகிப்பது கீழ் இழுப்பறையைத்தான். அதற்கு ஒரு தாழ் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சற்று உப்பி, தையில் மறுபடி சுருங்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சமயத்தில் பெட்டிகளைக் காலிசெய்து, பிணைப்புத் திருகாணிகள் ஒவ்வொன்றையும் திருப்புளியால் தொட்டுப் பாருங்கள். தளர்ந்தவற்றைக் கால் சுற்று முடுக்கினால் போதும்.